என்தப்பு சாரின் வாய்ப்பூட்டு

கட்டட வேலை நடக்கும் இடத்தில் பட்டப்பெயர் இல்லாமல் தப்பித்தவர் யாரும் கிடையாது. இந்த இன்ஜினியருக்கு வைத்த பெயர் ‘என்தப்பு சார்’. யாராவது வாயைத் திறந்து குறை சொல்வதற்குள் ‘என் தப்பு, என் தப்பு’ என்று முந்திக்கொள்கிற ஆசாமி. வரைபடம் வரத் தாமதமானால் அவர் தப்பு. மழை பெய்து குழியில் தண்ணீர் நின்றால் அவர் தப்பு. வீட்டில் மின்விசிறி சுற்றாமல் போனால்கூட, மனைவி முகத்தைப் பார்த்த மறுநொடி “என் தப்பும்மா” என்பார். “நீங்க என்ன கரண்ட் கம்பெனியா நடத்துறீங்க?” என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வார்த்தை அவர் வாயில் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரிந்தால் சிரிக்கத் தோன்றாது.

அவருடைய அப்பா பஸ் டெப்போவில் மேற்பார்வை வேலை பார்த்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் மாட்டுவார். ஏதாவது உடைந்திருந்தால், தொலைந்திருந்தால், பெல்ட் ஆணிக்குப் போகாது. “யார் தப்பு?” என்று ஒரே ஒரு கேள்வி. பக்கிள் இருக்கும் பக்கம்தான் முதலில் விழும். அக்காக்காரி அழுத்தக்காரி, “நான் இல்ல” என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அவள் முதுகில் தோல் கிழியும்வரை அடி நிற்காது. ஒருமுறை பக்கிள் பட்டு அவள் புருவம் பிளந்து சுவரெல்லாம் ரத்தம். சின்னவனாக இருந்த நம் ஆள் அதைப் பார்த்துத்தான் பாடம் படித்தார். ‘என் தப்பு’ என்று கத்தினால் பெல்ட் ஆணிக்குப் போய்விடும். செய்தாரா செய்யவில்லையா என்பதெல்லாம் அப்பாவுக்கு அவசியமே இல்லை. அப்பாவுக்கு அந்த வார்த்தை வேண்டும், அவ்வளவுதான். பாவி மனுஷன், பெற்ற பிள்ளைகளை அடித்தே வளர்த்தார். அடித்தே ஒரு பிள்ளைக்குப் பொய் சொல்லவும் கற்றுக்கொடுத்தார்.

வளர்ந்து படித்து, தூண், உத்திரம், தளம் எல்லாம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடும் இன்ஜினியர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. முதலில் சேர்ந்த பெரிய கம்பெனியில் முதலாளிக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தது கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. எங்கே எந்தச் சுவர் விரிசல் விட்டாலும், கட்டடத்தின் சொந்தக்காரர்கள் கொதித்துக்கொண்டு வந்தால் இவரை முன்னால் தள்ளிவிடுவார். இவரும் வழக்கம் போலச் சொல்வார். கடைசியில் யாரோ செய்த குளறுபடிக்கு இவரை வெளியே அனுப்பிவிட்டு, கம்பெனி பெயரைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

அதற்காக இவரைச் சாது என்று நினைத்துவிடக் கூடாது. தன் தப்பை ஒத்துக்கொள்வதில் எவ்வளவு வேகமோ, அடுத்தவன் தப்பைப் பார்த்தால் அவ்வளவு ஆத்திரம். கலவையில் தண்ணீரை அள்ளி ஊற்றிய ஒரு காண்ட்ராக்டரின் புதுக் காரை, அந்தக் கலவையில் இறுகிய கான்கிரீட் கட்டியாலேயே அடித்துக் கண்ணாடியை உடைத்திருக்கிறார். உடைத்துவிட்டு “கண்ணாடி என் தப்பு, கலவை உன் தப்பு” என்று கத்தினாராம். அப்பாவின் பெல்ட் எங்கேயும் போய்விடவில்லை என்று அவர் மனைவி சொல்வாள். அது பொய்யில்லை.

வேலையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தளத்துக்குக் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் அந்தக் கம்பி வலை மேல் ஏறி நின்று குதிப்பார். நல்ல கனமான ஆள், தடதடவென்று குதிப்பார். மேல் கம்பிகளை உயரத்தில் தாங்கிப் பிடிக்க அடியில் வளைத்து வைக்கும் சின்னக் கம்பிகளுக்கு ‘சேர்’ என்று பெயர், உட்காரும் நாற்காலி மாதிரி இருப்பதால். குதிக்கும்போது வலை அமுங்கினால் சேர் போதவில்லை என்று அர்த்தம். “இன்னும் போடு” என்பார். அமுங்காதவரை இறங்கமாட்டார். கம்பி கட்டுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். “டான்ஸ் முடிஞ்சுதா சார்?” என்று கேட்பார்கள். அவர் காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டார்.

வேலை போன பிறகு, ஒரு டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையைப் பிடித்துத் தனியாகத் தொழில் ஆரம்பித்தார். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஜன்னல் வழியே நாள் முழுக்க ரப்பர் நாற்றம். அன்றைக்கே மனைவி பிடிவாதமாக நின்றாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். தெருவில் எதிரே வரும் எவனையும் நம்பாதவள்.

“இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில நான் ஏற மாட்டேன். நீங்க நாலு மாடி கட்டடத்துக்குக் கையெழுத்துப் போடுறீங்க. நாளைக்கு ஒருத்தன் தலையில விழுந்தா என்ன பண்ணுவீங்க? ‘என் தப்பு’ன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துடுவீங்களா?”

அவளுடைய அக்கா இன்சூரன்ஸ் ஏஜென்ட். கறாரான பேச்சு, மூக்கு நுனியில் கண்ணாடி. மறுநாளே பாலிசியோடு வந்து உட்கார்ந்தாள். தனியாகத் தொழில் செய்யும் இன்ஜினியர் வேலையில் கவனம் பிசகி, அதனால் யாருக்காவது சேதம் வந்தால், அந்த நஷ்ட ஈட்டைக் கம்பெனி கொடுக்கும் பாலிசி அது.

“தம்பி, மத்ததை எல்லாம் மெதுவா படிங்க. ஒண்ணை மட்டும் இப்பவே கேட்டுக்கங்க. ஏதாவது நடந்துட்டா கம்பெனி எழுத்துல சம்மதிக்காம யார்கிட்டயும், கம்பெனி ஆள்கிட்டகூட, ‘என் தப்பு’ன்னு ஒத்துக்கக் கூடாது. ஒத்துக்கிட்டா கம்பெனி கையை விரிச்சுடும்.”

“உண்மையிலேயே என் தப்பா இருந்தா?”

“நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. ஒண்ணையும் மறைக்காதீங்க. தீர்ப்பை மட்டும் நீங்க எழுதாதீங்க.”

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அக்கா, இவரைப் போய் இதைச் சொல்லாம இருக்கச் சொல்றியே? மீனைத் தண்ணி குடிக்காதேன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

அவரும் சிரித்தார். அன்றைக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை.

ஒரு சரக்குக் கிடங்கு வேலை வந்தது. முன்பக்கம் லாரிகள் பின்னோக்கி வந்து நின்று மூட்டை இறக்குவதற்காக, லாரிக்கு மேலே கூரை மாதிரி சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அகலமான தளம். கீழே தூண் கிடையாது. தூண் வைத்தால் லாரி இடிக்கும். இப்படி ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் தளத்துக்கு உயிரே மேல்பக்கத்துக் கம்பிதான். அந்தக் கம்பி மேலே இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் கீழே இறங்கிவிட்டால், இருந்தும் இல்லாத மாதிரி. வரைபடத்தில் அவர் சரியாகத்தான் போட்டிருந்தார்.

கான்கிரீட் ஊற்றும் நாளில் அவர் ஊரின் மறுகோடியில் இன்னொரு கட்டடத்தில் இருந்தார். அங்கே ஒரு காண்ட்ராக்டர் மட்டமான கம்பியை இறக்கியிருந்தான். இவர் அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். அந்த நேரத்தில் கிடங்குக் காண்ட்ராக்டர் போனில் போட்டோ அனுப்பினான். “சார், கம்பி ரெடி. கலவை வண்டி வந்து நிக்குது. வர்றீங்களா, ஊத்தட்டுமா?” ஒரு கை காலரில், ஒரு கை போனில். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். கம்பிகள் வரிசையாக, சரியான இடைவெளியில், மேலே அழகாக நின்றன. “சரியா இருக்கு. ஊத்து” என்றார்.

போட்டோ மேல் ஏறிக் குதிக்க முடியாது. அது அவருக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் சொன்னார், ஏனென்றால் சண்டையின் ருசி அவரைப் பிடித்திருந்தது. வலைக்கு அடியில் சேர்கள் பேருக்குத்தான் இருந்தன. கலவை ஊற்ற ஏறியவர்களின் காலில் மிதிபட்டு, மேல் கம்பிகள் மொத்தமும் கீழே போய்ப் படுத்துக்கொண்டன. ஈரக் கலவைக்குள் அது யார் கண்ணுக்கும் படவில்லை.

தளம் காய்ந்து இறுகிய பிறகு, கீழே கொடுத்திருந்த முட்டுகளை எடுக்கும் நாளில் அவர் போனார். ஒவ்வொரு முட்டாக எடுத்தார்கள். தளம் நின்றது. உச்சி வெயிலில் ஒரு லாரி பின்னோக்கி வந்து தளத்துக்கு அடியில் நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் ஏறினார்கள். அவர் முற்றத்தில் நின்று தற்செயலாக அண்ணாந்து பார்த்தார். தளம் சுவரோடு சேரும் இடத்தில், மேல் விளிம்பில், பென்சிலால் கோடு இழுத்தது போல ஒரு விரிசல். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகன்றது.

“ஓடுங்கடா!” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். லாரி விளிம்பில் முதுகில் மூட்டையோடு நின்ற ஒருவன் மட்டும் மூட்டையைக் கீழே போடுவதா, குதிப்பதா என்று ஒரு கணம் தடுமாறினான். தளம் கீல் கழன்ற கதவு மாதிரி மடங்கி விழுந்தது. இடிச் சத்தம். பிறகு கண்ணை மறைக்கும் சிமென்ட் புழுதி. புழுதிக்குள்ளிருந்து ஒரு அலறல். மனுஷன் அப்படி அலறுவான் என்று அவர் அதுவரை நினைத்ததே இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தார். அவன் இடுப்புக்குக் கீழே கான்கிரீட். ரத்தம் சிமென்ட் தூளோடு குழைந்து சேறாக வழிந்தது. ஒரு செருப்பு தனியாகக் கிடந்தது. அதற்குள் கால் இருந்தது. உடைந்த தளத்தின் முகம் அவருக்கு நேரே திறந்து கிடந்தது. மேலே இருக்க வேண்டிய கம்பிகள் அத்தனையும் அடியில் படுத்திருந்தன. பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க யார் யாருக்காகவோ சொன்ன வார்த்தை, முதல்முறையாக, உண்மையாகவே அவருடையதாகித் தொண்டைக்கு ஏறி வந்தது.

அடிபட்டவனின் அண்ணன் அதே கிடங்கில் இரும்புக் கேட் போட்டுக்கொண்டிருந்த வெல்டர். முழங்கை வரை தீக்காயத் தழும்பு. சம்மட்டி பிடித்துப் பிடித்துப் பெருத்த கை. தம்பியின் அலறலைக் கேட்டு ஓடி வந்தவன் அவனைப் பார்த்தான். பிறகு சுற்றிலும் பார்த்தான். “யார்ரா இதைச் சரின்னு சொன்னது?” என்று கேட்டான். காண்ட்ராக்டர் விரலை நீட்டி, “இன்ஜினியர்தான், இன்ஜினியர்தான் ஊத்தச் சொன்னாரு” என்றான். அத்தோடு அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தலைமறைவானவன்தான். அவன் பெயரில் எந்த இன்சூரன்சும் இல்லை, வீடும் இல்லை. எல்லாம் மாமனார் பெயரில் பத்திரமாக இருந்தது. நாசமாய்ப் போகிறவன்.

“சொல்லுடா, உன் தப்புதானே?” வெல்டர் அவர் சட்டையைப் பிடித்தான். என்தப்பு சார் வாயைத் திறந்தார். ‘எ’ என்று ஆரம்பித்திருப்பார். அதற்குள் வெல்டர் கையிலிருந்த வெல்டிங் முகமூடியின் விளிம்பு அவர் தாடையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. கீழே விழுந்தவரை மூட்டை தூக்குகிறவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். உதைத்தார்கள். விலா, வயிறு, முதுகு, எங்கே என்று பார்க்காமல் உதைத்தார்கள். “சொல்லு! சொல்லு!” என்று ஒவ்வொரு உதைக்கும் ஒரு சத்தம். சொல்லத்தான் அவர் துடித்தார். தாடை தொங்கிப்போய் வெறும் ரத்தமும் எச்சிலும்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார்கள். அதே ஆஸ்பத்திரியில், மேல் மாடியில், வெல்டரின் தம்பிக்கு இரண்டு காலையும் தொடைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மனைவி வந்து சொன்னபோது, அவருடைய கட்டிய வாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் அவர் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய அக்கா வந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா, தம்பி?”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“அந்த வெல்டர் கோவத்துல உங்களுக்கு ஒரு நல்லது பண்ணியிருக்கான். தாடை உடையாம இருந்திருந்தா நீங்க அத்தனை பேர் முன்னாடியும் சொல்லியிருப்பீங்க.” அவள் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். “நல்லா கேட்டுக்கங்க. காண்ட்ராக்டர்கிட்ட ஒண்ணும் பெயராது. கிடங்குக்காரன் வக்கீலை வெச்சு இழுத்தடிப்பான். அந்தப் பையனுக்கு வாழ்நாள் முழுக்க வைத்தியம், செயற்கைக் கால், சோறு, எல்லாத்துக்கும் இருக்கிற ஒரே வழி உங்க பாலிசி. உங்க வீட்டையும் என் வீட்டையும் சேர்த்து வித்தாலும் அது பக்கத்துல வராது. நீங்க அந்த வார்த்தையைச் சொன்னா பாலிசி காலி. உங்க மனசு ஆறிடும். அவன் தெருவுல தவழ்வான்.”

கட்டிலில் கிடந்த மனுஷனின் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. காகிதம் கேட்டு வாங்கி, கோணல் கையெழுத்தில் எழுதினார்: ‘அவன் அண்ணனிடம் மட்டும் காரணத்தைச் சொல்லட்டுமா?’

“என்ன சொல்வீங்க? ‘உன் தம்பிக்காகத்தான் ஒத்துக்காம இருக்கேன்’னா? அதுவே ஒத்துக்கிட்ட மாதிரிதான். அவன் நாளைக்கே தெருவெல்லாம் கத்துவான், கோர்ட்லயும் சொல்வான்.” அவள் அந்தக் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தாடை கூடியது. கம்பியைக் கழற்றினார்கள். அதற்குப் பிறகுதான் வாய்ப்பூட்டின் கனம் தெரிந்தது. கேஸ் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. தெருவில் போனால் “கால் திருடன்” என்று காறித் துப்பினார்கள். டயர் கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். மனைவியின் டிரைவிங் ஸ்கூல் காரில் எவனோ ஆணியால் கொலைகாரன் என்று கீறிவிட்டுப் போனான். அவள் அதே காரை ஓட்டிக்கொண்டு போனாள், பெயின்ட் அடிக்கவில்லை.

ஒரு நாள் பட்டப்பகலில் வெல்டர் அறைக்கு வந்தான். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டான். அவன் குடித்திருக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“எனக்குப் பணம் வேணாம்” என்றான். “நேத்து என் தம்பி கேட்டான், ‘அண்ணா, நான் சீக்கிரம் குதிச்சிருக்கணுமோ? என் தப்போ?’ன்னு. கேட்டுச்சா? கால் போனவன் அவன். அவன் தன் தப்புன்னு அழறான். நீ ஒரு வார்த்தை சொல்லு. நான் போய் அவன்கிட்ட சொல்லிடுறேன்.”

அந்த இளையவன் படுக்கையில் கிடந்து என்ன கேட்டான் என்பது என்தப்பு சாருக்கு யாரையும்விட நன்றாகப் புரிந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் அவர் நாக்கு நுனியில் இருந்தது.

“நடந்ததைச் சொல்றேன்” என்றார். “நான் அன்னைக்கு வரல. போட்டோ பார்த்து ஊத்தச் சொன்னேன்.”

“அது கோர்ட்டுக்கே தெரியும். உன் தப்பா இல்லையா?”

அவர் வாயை மூடிக்கொண்டார்.

வெல்டர் அவர் வலது கையைப் பிடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்து, இழுப்பறையைக் காலால் உதைத்து மூடினான். விரல்கள் முறிந்தன. “சொல்லு!” மறுபடி திறந்து, மறுபடி உதைத்தான். கம்ப்யூட்டர் கீழே விழுந்து நொறுங்கியது. அவர் அலறினார்; ஆனால் அலறலில் வார்த்தை இல்லை. அந்த வார்த்தை எத்தனை தடவை பெல்ட்டை நிறுத்தியிருக்கிறது! இதோ வாசலில் நிற்கிறது, விட்டால் போதும், அடி நின்றுவிடும். அது வெளியே வந்துவிடாமல் இருக்க அவர் நாக்கைக் கடித்தார். கடித்த கடியில் நாக்கின் ஓரம் பிய்ந்து ரத்தம் முகவாயில் ஒழுகியது. அதைப் பார்த்த வெல்டர்தான் பயந்து பின்வாங்கினான்.

“நீ மனுஷனே இல்லடா” என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போனான். போகும்போது அவன் அழுதான். என்தப்பு சார் போலீசுக்குச் சொல்லவில்லை. இழுப்பறையில் கை மாட்டிக்கொண்டது என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் நம்பவில்லை.

அடியைக்கூடத் தாங்கிவிட்டார். அடிக்கும் அவருக்கும் பழைய பழக்கம். அவரைக் கவிழ்க்கப் பார்த்தவன் வேறொருவன். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய விசாரணை ஆள்; இவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைப் பிடுங்கி, பணம் கொடுக்காமல் கையை விரிக்க வந்தவன். இஸ்திரி கலையாத சட்டை, பஞ்சு மாதிரிக் குரல். வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டான். இவர் ஒன்றையும் மறைக்கவில்லை. வழக்கமாகக் குதிப்பதைச் சொன்னார், அன்றைக்குக் குதிக்காததைச் சொன்னார், எவன் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொன்னார். எல்லாம் முடிந்து அவன் பேனாவை மூடினான். கட்டுப் போட்ட கையைப் பரிவோடு பார்த்தான்.

“எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்க சார். உங்களைப் பார்த்தாலே தெரியுது, நீங்க மனசாட்சி உள்ளவர். பாரத்தை இறக்கி வெச்சுடுங்க. என் முன்னாடி ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னீங்கன்னா நிம்மதியா தூங்குவீங்க.”

அவ்வளவு நாளில் அவரிடம் ஒருவரும் அன்பாகப் பேசவில்லை. அவர் முகம் கோணியது. உதடு பிரிந்தது. “எ...” என்று வந்துவிட்டது.

சமையலறை வாசலில் நின்ற மனைவி கையிலிருந்த வெந்நீர் பிளாஸ்கை விட்டெறிந்தாள். அது விசாரணை ஆளின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் வெடித்தது. கண்ணாடித் துண்டும் ஆவியும் சிதறின. அவன் சோபாவுக்குப் பின்னால் பாய்ந்தான்.

“கை தவறிடுச்சு” என்றாள் அவள். “எழுதிக்கங்க. என் தப்பு. பிளாஸ்குக்கு இன்சூரன்ஸ் கிடையாது.”

அவன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினான். அவள் வெகுநேரம் தரையைத் துடைத்தாள். அவர் இடது கையால் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்.

கடைசியில் கம்பெனிக்கு மறுக்க வழியில்லாமல் போனது. நடந்ததைப் படித்துப் பார்த்து, கவனக்குறைவுதான் என்று அவர்களே எழுதி, நஷ்ட ஈட்டைக் கோர்ட் வழியாக முழுதாகக் கொடுத்தார்கள். இளையவனுக்குச் செயற்கைக் கால் வந்தது. தரைத்தளத்தில் படி இல்லாத வீடு வந்தது. அதே கையோடு, இவருக்கு இனிமேல் பாலிசி தரமாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். வேறெந்தக் கம்பெனியும் கிட்டே சேர்க்கவில்லை. பாலிசி இல்லாத இன்ஜினியரை நம்பி எவன் கட்டடம் கொடுப்பான்? டயர் கடை மேல் இருந்த அறையைக் காலி செய்துவிட்டு, மனைவியின் டிரைவிங் ஸ்கூலில் வண்டிகளைக் கழுவிப் பராமரிக்க ஆரம்பித்தார். வலது கை விரல்கள் பாதிதான் மடங்கும்.

அக்கா வந்து சொன்னாள்: “கேஸ் முடிஞ்சுது. கொடுத்ததை இனி யாரும் திரும்பக் கேக்க முடியாது. இனி உங்க வாய், உங்க இஷ்டம்.”

மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார். மனைவி கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றார்.

கதவைத் திறந்தது வெல்டர். ஒரு நொடி இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். வெல்டரின் முகத்தில் ரத்தம் ஏறியது. “இங்க வர உனக்கு எவ்வளவு தைரியம்!” என்று கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அறைந்து, முஷ்டியை ஓங்கினான்.

அந்தக் கை ஓங்கியதைப் பார்த்ததும் என்தப்பு சாரின் கண்கள் தானாக இறுக மூடிக்கொண்டன. தோள் காதுவரை ஏறியது. “என் தப்பு! என் தப்பு! என் தப்பு!” என்று ஒரே மூச்சில், சின்னப்பிள்ளைக் குரலில் கொட்டிவிட்டார். இத்தனை காலம் அடைகாத்து வைத்திருந்த வார்த்தை, கடைசியில், பெல்ட்டுக்கு முன்னால் வருகிற மாதிரியேதான் வந்தது.

உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. “அண்ணா, கையை இறக்கு.”

இளையவன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். செயற்கைக் கால்கள் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தன. வெல்டர் அசையவில்லை.

“இறக்குண்ணா. அவர் அடிக்குப் பயந்து சொல்றாரு. எனக்கு அது வேணாம்.”

வெல்டர் கையை இறக்கினான். இளையவன் அண்ணனைச் சுவரோரம் போய் நிற்கச் சொன்னான். பிறகு இவரைப் பார்த்தான்.

“இப்ப யாரும் உங்களை அடிக்க மாட்டாங்க. இப்ப சொல்லுங்க.”

அடி இல்லாத இடத்தில் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வாய் திறந்தது, மூடியது. தரையில் உட்கார்ந்து, நாற்காலியில் இருந்தவன் முகத்துக்கு நேராக அண்ணாந்து பார்த்தார்.

“நான் வந்து அந்தக் கம்பி மேல குதிச்சிருக்கணும்” என்றார். “குதிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் அங்க ஒருத்தன்கூடச் சண்டை போட்டுட்டு இருந்தேன். சண்டையை விட மனசு வரல. நீ சீக்கிரம் குதிச்சியா, மெதுவா குதிச்சியாங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உன் தப்பு ஒண்ணுமே இல்ல. என் தப்பு.”

சுவரோரம் நின்ற வெல்டர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். வெளியே ஏதோ லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. இளையவனின் கை நாற்காலிப் பிடியை இறுகப் பற்றியது. சத்தம் நின்ற பிறகுதான் விட்டான்.

“கேட்டுச்சு” என்றான். “போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க.”